சென்னை டிராஃபிக்கில் சைக்கிள்: எங்கே ஓட்டுவது, எதைப் பார்ப்பது?

வீடு வேளச்சேரி, வேலை பெருங்குடி, நடுவில் ஆறேழு கிலோமீட்டர். பிளஸ் டூ வரை சைக்கிள் ஓட்டியவர், இப்போது ஆபீசுக்கு சைக்கிளில் போக நினைக்கிறீர்கள். ஆனால் பின்னால் ஹாரன் கேட்டதும் உடம்பு விறைத்துப்போகிறது. ரோட்டில் எந்த இடத்தில் ஓட்டுவது, எதைக் கவனிப்பது என்று தெரியவில்லை. மனைவியும் வேண்டவே வேண்டாம் என்கிறார். இதுதானே நீங்கள் கேட்டது? நான் பல வருஷமாக இந்த ஊரில் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். தரமணி இணைப்புச் சாலையும் ஓஎம்ஆரும் (பழைய மகாபலிபுரம் சாலை) பழகிய ரோடுகள். அதனால் பொதுவாகச் சொல்லாமல் உங்கள் வழியையே வைத்துச் சொல்கிறேன்.

உங்கள் பயம் முழுக்க பின்பக்கம் இருக்கிறது. ஊருக்குள், பகல் நேரத்தில், உங்களைக் கீழே தள்ளக்கூடியவை பெரும்பாலும் முன்னாலும் பக்கத்திலும்தான் இருக்கின்றன. திறக்கிற கார் கதவு, சவாரியைப் பார்த்ததும் இடது பக்கம் ஒடிக்கிற ஆட்டோ, ராங் சைடில் வருகிற பைக், சந்திலிருந்து மூக்கை நீட்டுகிற ஸ்கூட்டர், குழி. பின்னால் வருகிறவரின் கண் முன்னால் நீங்கள் இருக்கிறீர்கள், நேர்க்கோட்டில் போனால் அவர் எப்படியாவது சுற்றிக்கொண்டு போய்விடுவார். ஆனால் பின்னால் வருகிற வண்டிக்குப் பயந்து நாம் என்ன செய்கிறோம்? இடது ஓரத்தோடு ஒட்டிக்கொள்கிறோம். மேலே சொன்ன அத்தனையும் குவிந்து கிடப்பது அந்த ஓரத்தில்தான். இரவு நேர நெடுஞ்சாலை என்றால் கணக்கே வேறு, அங்கே பின்னாலிருந்து மோதுவதுதான் பெரிய ஆபத்து. ஜிஎஸ்டி ரோட்டில் செங்கல்பட்டு வரை இருட்டில் போகிறேன் என்று கேட்டிருந்தால் நானும் உங்கள் மனைவி பக்கம்தான் நின்றிருப்பேன்.

ஆகவே முதல் வேலை, ஓரத்தை விட்டு வெளியே வருவது. ரோட்டின் இடது விளிம்பிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் உள்ளே உங்கள் கோடு இருக்கட்டும். விளிம்பில் மணல் சேர்ந்திருக்கும், மழைநீர் வடிகால் மூடி உயர்ந்தோ தாழ்ந்தோ இருக்கும். தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்த இடங்களில் ஓரம் படி மாதிரி இறங்கும், டயர் அதில் இறங்கிவிட்டால் திரும்ப ஏறும்போது சறுக்கி விழ வைக்கும். கார்கள் வரிசையாக நிற்கிற இடத்தில் அந்த ஒரு மீட்டரைக் காரின் பக்கவாட்டிலிருந்து அளந்துகொள்ளுங்கள். முழுதாகத் திறந்த கதவு ஏறக்குறைய அவ்வளவு தூரம் நீளும். கார்களுக்கு நடுவே காலி இடம் வரும்போதெல்லாம் உள்ளே புகுந்து, அடுத்த கார் வந்ததும் வெளியே வருகிற பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. அது வேண்டாம். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் மறைந்து மறைந்து தோன்றுவீர்கள், ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் புதிதாக ஒருவர் குறுக்கே வந்தது போலத்தான் அவருக்கு இருக்கும்.

ரோடு குறுகி, ஒரு காரும் நீங்களும் பக்கத்தில் பக்கத்தில் போக முடியாத இடம் வந்தால், இடது லேனின் நடுவுக்கே வந்துவிடுங்கள். மெட்ரோ பேரிகேடு வைத்த இடங்களில் இது அடிக்கடி தேவைப்படும். ஓரத்தில் நின்று வழி விடுவதாக நீங்கள் நினைத்தால், கார்க்காரர் நுழைந்து பார்க்கலாம் என்று நினைப்பார், நடுவில் மாட்டிக்கொள்வது உங்கள் ஹேண்டில்பார். நடுவில் போனால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். ஹாரன் அடிக்கிறவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். இடம் கிடைத்ததும் பழைய கோட்டுக்குத் திரும்பி அவருக்கு வழி விட்டுவிடலாம்.

ஹாரன் பற்றி இன்னும் கொஞ்சம். இந்த ஊரில் ஹாரன் திட்டு மட்டும் இல்லை, தகவலும்கூட. சின்னதாக ஒரு 'பீப்' என்றால் ‘நான் பக்கத்தில் வருகிறேன்’. நீளமாக விடாமல் அடித்தால் ‘நான் நிற்கப்போவதில்லை’. இரண்டுக்குமே உங்கள் பதில் ஒன்றுதான்: நேராகப் போங்கள். ஹாரன் கேட்டதும் சட்டென்று இடது பக்கம் ஒடிப்பதும், பதறித் திரும்பிப் பார்ப்பதும்தான் ஆபத்து. அப்படித் திரும்பும்போது ஹேண்டில்பாரும் கூடவே திரும்பும். தலையை வலது பக்கம் திருப்பினால் சைக்கிளும் வலது பக்கம், அதாவது அந்த வண்டி வருகிற பக்கமே சாயும்.

அதனால் பின்னால் திரும்பிப் பார்ப்பதைத் தனியாகப் பழக வேண்டும். பள்ளி நாளில் நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத வித்தை இது. ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் தெருவில் ரோட்டுக் கோடு ஏதாவது இருந்தால் அதன் மேலேயே ஓட்டுங்கள். வலது முழங்கையைத் தளர்த்தி, இடுப்பைத் திருப்பாமல், தாடையை வலது தோளுக்குக் கொண்டுபோங்கள். யாரையாவது பின்னால் நின்று விரலைக் காட்டச் சொல்லி எத்தனை விரல் என்று சொல்லிப் பாருங்கள். கோட்டை விட்டு விலகாமல் விரலை எண்ண முடிகிற வரை மெயின் ரோட்டுக்குப் போக வேண்டாம். அப்புறம் ஒரு கையை விட்டு ஓட்டப் பழகுங்கள், சிக்னல் காட்ட அது வேண்டும். ஹேண்டில்பார் கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டலாம், நல்லதுதான். ஆனால் கண்ணாடி, பின்னால் வண்டி இருக்கிறதா என்று சொல்லும், பக்கத்தில் ஒட்டி வருகிற பைக்கைச் சொல்லாது. நீங்கள் தலையைத் திருப்புவதில் இன்னொரு லாபமும் உண்டு: ஏதோ செய்யப்போகிறார் என்று பின்னால் வருகிறவருக்குப் புரிந்துவிடும். இடம் மாற வேண்டுமென்றால் பாருங்கள், கையை நீட்டுங்கள், மறுபடி பாருங்கள், அதன்பிறகு நகருங்கள். இரண்டாவது பார்வையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கையைக் காட்டியதாலேயே பின்னால் வருகிறவர் வேகத்தைக் குறைத்துவிட்டார் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இனி முன்னால். மெதுவாகப் போகிற நமக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மணிக்கு 18 கிலோமீட்டர் என்பது சரியாக வினாடிக்கு 5 மீட்டர். ஒன்றைப் பார்த்து, புரிந்து, பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒன்றரை வினாடி போய்விடும், அதற்குள் 7 மீட்டருக்கு மேல் நகர்ந்திருப்பீர்கள். அதன் பிறகுதான் பிரேக் தன் வேலையைத் தொடங்கும். முன் சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற குழியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் எல்லாமே தாமதமாகத்தான் தெரியும். கண் 30, 40 மீட்டர் முன்னால் இருக்கட்டும். அவ்வப்போது மட்டும் கீழே இறங்கி ரோட்டைப் பார்த்துவிட்டு மேலே போகட்டும். குழியைத் தூரத்திலேயே பார்த்துவிட்டால் மெல்ல, பெரிய வளைவில் விலகலாம். பக்கத்தில் வந்து பார்த்தால் வெட்டித்தான் விலக வேண்டும், அந்த வெட்டுதான் உங்களைப் பின்னால் வருகிற வண்டியின் முன்னால் கொண்டுபோய் விடும்.

எதைப் பார்ப்பது என்றால், வண்டியைப் பார்ப்பதைவிட அது அடுத்து என்ன செய்யும் என்பதைப் பார்க்க வேண்டும். இண்டிகேட்டரை நம்ப வேண்டாம், போட மறந்தவர் பாதி, அணைக்க மறந்தவர் மீதி. முன் சக்கரத்தைப் பாருங்கள். கார் உடம்பு திரும்புவதற்கு முன்னால் சக்கரம் திரும்பும். சந்து முனையில் நிற்கிற கார் நகரத் தொடங்கியதும் முதலில் தெரிவதும் சக்கரம் உருள்வதுதான். உள்ளே இருப்பவரின் கண்ணைப் பார் என்று சொல்வார்கள். கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற கண்ணை எங்கே தேடுவது? அவர் பார்த்தாலுமே உங்களைக் கவனித்தார் என்று சொல்ல முடியாது. சக்கரம் பொய் சொல்லாது.

ஆட்டோவைப் படிப்பது தனிக் கலை. ஆள் இருக்கிற ஆட்டோ ஓரளவு நேராகப் போகும். காலி ஆட்டோ மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால் அதை விட்டுவிட்டு முன்னால் இருக்கிற நடைபாதையைப் பாருங்கள். அங்கே யாராவது பையோடு நின்றுகொண்டு ரோட்டைப் பார்த்தால், அந்த ஆட்டோ இன்னும் இரண்டு வினாடியில் இடது பக்கம் வரும். ஷேர் ஆட்டோவுக்கு இது இரட்டிப்பு, ஏற்றவும் நிற்கும், இறக்கவும் நிற்கும், இறங்குகிறவர் பின்னால் பார்க்காமல் உங்கள் பாதையில்தான் காலை வைப்பார். இரண்டுக்கும் ஒரே வைத்தியம், அதன் இடது பக்கம் போகாதீர்கள். காதில் போனோடு, அல்லது வண்டியில் மாட்டிய போன் திரையில் வழி பார்த்தபடி போகிற பைக்கும் அப்படித்தான். மெதுவாகப் போய்க்கொண்டே இருப்பார், வீட்டு நம்பர் கண்ணில் பட்டதும் கட் அடிப்பார்.

மாநகரப் பேருந்துடன் போட்டி வைக்காதீர்கள். நிறுத்தத்தில் நிற்கிற பஸ்ஸை நீங்கள் வலது பக்கமாகத் தாண்டுவீர்கள், அடுத்த நிறுத்தத்துக்கு முன்னால் அது உங்களைத் தாண்டி இடது பக்கம் ஒதுங்கும், மறுபடியும் நீங்கள். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் தவறு செய்ய வாய்ப்பு. பேசாமல் பின்னாலேயே, புகை படாத தூரத்தில் நின்றுவிடுங்கள், கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடும். எக்காரணம் கொண்டும் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே நுழைய வேண்டாம். நிறுத்தத்தை ஆட்டோக்கள் அடைத்திருக்கும்போது பஸ் நடு ரோட்டிலேயே நிற்கும், அந்த இடைவெளியில்தான் மொத்தக் கூட்டமும் இறங்கும், ஏற ஓடும். இப்போது மின்சார பஸ்களும் வந்துவிட்டன. சத்தமே இருக்காது, காது சொல்லும் என்று நம்பி இருக்க முடியாது. இயர்போன் போட்டு ஓட்டுவதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருகிற வண்டி தண்ணி லாரியும் சிமென்ட் கலவை லாரியும்தான். ஓஎம்ஆரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. டிரைவர் வலது பக்கம் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இடது முன் மூலையை ஒட்டி நிற்கிற சைக்கிள் அவருக்குத் தெரியவே தெரியாது. சிக்னலில் லாரி நிற்கும்போது அதன் இடது பக்கம் நல்ல காலி இடம் இருக்கும், உள்ளே போகலாம் என்று கை துறுதுறுக்கும். நீளமான வண்டி இடது பக்கம் திரும்பும்போது முதலில் கொஞ்சம் வலது பக்கம் விலகித்தான் திரும்பும், அதனால் இடம் இன்னும் பெரிதாகத் தெரியும். பிறகு பின் சக்கரம் முன் சக்கரம் போன பாதையில் வராமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த இடைவெளி மூடும்போது உள்ளே இருப்பவருக்குப் போக இடமில்லை. லாரிக்குப் பின்னால் நில்லுங்கள், அதன் கண்ணாடி உங்களுக்குத் தெரிகிற இடத்தில். கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. தண்ணி லாரியிடம் இன்னொரு சேட்டை: வழியெல்லாம் சிந்திக்கொண்டே போகும். கோடைக் காலக் காலையிலும் வளைவில் ரோடு நனைந்திருக்கும்.

ராங் சைடில் வருகிற பைக் இந்த ஊரின் தினசரிப் பிரச்சினை. யு-டர்ன் தூரமாக இருக்கிற எந்த ரோட்டிலும் வருவார்கள், ஓஎம்ஆரின் சர்வீஸ் ரோட்டில் சொல்லவே வேண்டாம். அவர் உங்கள் இடது ஓரத்தை ஒட்டித்தான் வருவார். ஒரு மீட்டர் உள்ளே ஓட்டுகிறவருக்குப் பெரும்பாலும் அவர் தானாகவே இடது பக்கமாகப் போய்விடுவார். இடம் போதவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள், தேவைப்பட்டால் காலை ஊன்றி நின்றுவிடுங்கள். பின்னால் பார்க்காமல் வலது பக்கம் ஒதுங்குவது மட்டும் கூடாது. தப்பு அவர் மேல்தான், ஆனால் அதை நிரூபிக்கிற இடம் நடு ரோடு இல்லை.

சந்திப்புகளைப் பற்றி நிறையச் சொல்லலாம். பக்கத்து ரோட்டிலிருந்து வருகிற வண்டி உங்களோடு மோதுமா என்று தெரிந்துகொள்ள, கப்பலோட்டிகள் வைத்திருக்கிற ஒரு சோதனை சைக்கிளுக்கும் அப்படியே பொருந்தும். அந்த வண்டி உங்கள் பார்வையில் பின்னோக்கி நகர்ந்தால் நீங்கள் முதலில் கடந்துவிடுவீர்கள். முன்னோக்கி நகர்ந்தால் அது முதலில் கடக்கும். நகராமல் ஒரே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால், இரண்டு பேரும் ஒரே புள்ளிக்கு ஒரே நேரத்தில் போய்ச் சேரப்போகிறீர்கள். சங்கடம் என்னவென்றால், நம் ஓரப்பார்வை அசைவைப் பிடிப்பதில்தான் கெட்டி, அசையாமல் நிற்பதை அது கண்டுகொள்ளாது. மோதப்போகிற வண்டிதான் அசையாமல் தெரிகிறது! அதனால் சந்திப்பு நெருங்கும்போது கண்ணை மட்டும் ஓட்டாமல் தலையைத் திருப்பி வலது, இடது, மறுபடி வலது என்று பாருங்கள். எதிரே வருகிற கார் டிரைவருக்கும் இதே குறை உண்டு, அவருக்குக் கூடுதலாக முன் கண்ணாடியின் பக்கத் தூண் வேறு. அந்தத் தூணுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் முழுதாக மறைந்துவிடும்.

நேராகப் போக வேண்டிய சிக்னலில் இடது ஓரத்தில் போய் நிற்காதீர்கள். ஃப்ரீ லெஃப்ட் எடுக்கிறவர்கள், அதாவது சிக்னலுக்கு நிற்காமல் இடது பக்கம் திரும்புகிறவர்கள் எல்லாம் உங்கள் முன்னால் வெட்டுவார்கள். சந்திப்புக்கு ஐம்பது மீட்டர் முன்னாலேயே பார்த்து, கை காட்டி, நேராகப் போகிற லேனுக்குள் வந்துவிடுங்கள். பச்சை விழுந்ததும் முதல் ஆளாகப் பாய வேண்டாம், குறுக்கு ரோட்டில் சிவப்பு விழுந்த பிறகும் இரண்டு மூன்று பேர் வருவது இங்கே வழக்கம். ஒரு மூச்சு விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கிற காரின் மறைவிலேயே கிளம்புங்கள்.

உங்கள் வழியில் கஷ்டமான இடம் இரண்டு. ஒன்று விஜயநகர் மேம்பாலம். மேலே ஏறாதீர்கள், கீழேயே போங்கள். பாலம் பிரிகிற இடத்தில் கடைசி நொடியில் மனம் மாறுகிறவர்களும், பாலம் இறங்குகிற இடத்தில் வேகமாக வந்து சேருகிறவர்களும்தான் பிரச்சினை, அந்த இரண்டு இடத்தில் மட்டும் பின்பார்வை கட்டாயம். இன்னொன்று இணைப்புச் சாலை முடிந்து எஸ்ஆர்பி டூல்ஸ் அருகே ஓஎம்ஆரில் சேருவது. பெருங்குடிக்கு நீங்கள் வலது பக்கம், தெற்கே போக வேண்டும். மெட்ரோ வேலை நடக்கிற வரை பேரிகேடும் திருப்பமும் இடம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் இன்று இருக்கிற வழியை நான் சொல்லிப் பயனில்லை. முறையை மட்டும் சொல்கிறேன்: மூன்று லேன் தாண்டி வலது பக்கம் ஒதுங்கித் திரும்புவது புதிதாக ஓட்டுகிறவருக்கு வேண்டாத வேலை. இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பவர்களோடு கடந்துவிடுங்கள். சிக்னல் இருந்தால், நேராக எதிர்ப்பக்கம் போய் இடது ஓரத்தில் நின்று, அந்த ரோட்டுக்குப் பச்சை விழுந்ததும் அவர்களோடு சேர்ந்து கிளம்பலாம். இரண்டு நிமிஷம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். தள்ளிக்கொண்டு நடப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஓஎம்ஆரில் யு-டர்ன் இருக்கிற இடங்களிலும் கவனம்: எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்புகிற வேன்களும் பஸ்களும் ஒரே வளைவில் உங்கள் இடது லேன் வரை வந்துவிடும்.

இந்த வழியில் வெயிலும் ஒரு சிக்கல். இணைப்புச் சாலை கிழக்கு மேற்காக ஓடுகிறது. காலையில் நீங்கள் சூரியனைப் பார்த்து ஓட்டுகிறீர்கள், மாலையில் திரும்பும்போதும் அப்படியே. கண் கூசுவது உங்களுக்கு மட்டும் இல்லை. பின்னால் வருகிறவருக்கும் கூசுகிறது, அழுக்குக் கண்ணாடி வழியாக அவர் உங்களை ஒரு நிழலாகத்தான் பார்ப்பார். முடிந்தால் அரை மணி நேரம் முன்னாலோ பின்னாலோ கிளம்புங்கள். முடியாவிட்டால் அந்த நேரத்தில் பின் விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள்.

இருட்டைப் பற்றி: நவம்பரில் சென்னையில் மாலை 5:40க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஆறு மணிக்கு ஆபீஸ் விட்டால் முழு வழியும் இருட்டு. பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை விளக்கு கட்டாயம் வேண்டும். பளிச்சென்று தெரிகிற ஃப்ளோரசன்ட் மஞ்சள் சட்டை பகலுக்கு உதவும், இரவில் அது சாதாரண வெளிர் சட்டைதான். இரவில் வேலை செய்வது, ஹெட்லைட் ஒளியைத் திருப்பி அனுப்புகிற ரிஃப்ளெக்டர் பட்டை. அதையும் முதுகில் போடுவதைவிடக் கணுக்காலில் கட்டுங்கள், பெடலில் ரிஃப்ளெக்டர் இருந்தால் கழற்றாதீர்கள். மேலும் கீழும் போகிற வெளிச்சத்தைப் பார்த்ததும், இது சைக்கிள் மிதிக்கிற ஆள் என்று மூளைக்குச் சட்டென்று புரிந்துவிடும். அசையாத சிவப்புப் புள்ளி எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். ஒருநாள் மாலை உங்கள் மனைவியை ஸ்கூட்டரில் பின்னால் வரச் சொல்லிப் பாருங்கள். லேப்டாப் பை விளக்கை மறைக்கிறதா, எவ்வளவு தூரத்திலிருந்து தெரிகிறீர்கள் என்று அவர் சொல்லிவிடுவார்.

மழைக்காலத்தில் வேளச்சேரியைப் பற்றி வேளச்சேரிக்காரருக்கு நான் என்ன சொல்ல? அடி தெரியாத தண்ணீரில் சைக்கிளை விடாதீர்கள், தினமும் போகிற ரோடாக இருந்தாலும். நேற்று மூடியிருந்த வடிகால் இன்று திறந்திருக்கலாம். இரும்புத் தகடு, பாதாளச் சாக்கடை மூடி, வெள்ளைக் கோடு ஆகியவற்றின் மேல் நனைந்த நேரத்தில் ஹேண்டில்பாரைத் திருப்பாமல், பிரேக் பிடிக்காமல் நேராகக் கடங்கள். சக்கரத்தின் ரிம்மைப் பிடிக்கிற பிரேக் என்றால் நனைந்ததும் பிடிப்பு குறைந்துவிடும், முன்கூட்டியே லேசாக அழுத்தி ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள். தூறல் தொடங்கிய முதல் சில நிமிஷங்கள்தான் மோசம், ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் கழுவிப்போகாமல் குழைந்திருக்கும்.

சைக்கிளைப் பொறுத்தவரை விலை முக்கியமில்லை. அரசு கொடுக்கிற பிளஸ் ஒன் மாணவர் சைக்கிளாக இருந்தாலும் பிரேக் பிடித்தால் போதும். எந்தக் கை எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள், வண்டிக்கு வண்டி மாறும். நிறுத்துகிற பலத்தில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது, எடை முன்னால் போவதால் அப்படி. பள்ளி நாளில் முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று பயமுறுத்தி வைத்திருப்பார்கள். சட்டென்று அழுத்தினால்தான் அந்தப் பிரச்சினை. உடம்பைப் பின்னால் தள்ளி, இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்திப் பழகுங்கள். டயர் கொஞ்சம் அகலமாக இருந்தால் இந்த ஊர்க் குழிகளுக்கு நல்லது, ரேஸ் சைக்கிளின் மெல்லிய டயர் வடிகால் கம்பிகளுக்கு நடுவே இறங்கிவிடும். மணி இருக்கட்டும், நடப்பவர்களுக்கு அது போதும். கார் கண்ணாடிக்குள் அது கேட்காது, அங்கே தொண்டைதான் உதவும்.

ஹெல்மெட்டைச் சைக்கிளுக்குச் சட்டம் கட்டாயமாக்கவில்லை, மோட்டார் வண்டிக்குத்தான். நான் போடுகிறேன், நீங்களும் போடுங்கள். புருவத்துக்கு இரண்டு விரல் மேலே உட்கார வேண்டும், நெற்றி தெரிய பின்னால் தள்ளிப் போட்டால் பயனில்லை. ஒருமுறை அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். ஆனால் ஹெல்மெட் விழுந்த பிறகு உதவுகிற பொருள். கவனம் அதற்கு முந்தைய வேலை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அந்தக் கவனம் எப்போது குறையும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். புதிய வழியில் யாரும் அசட்டையாக ஓட்டுவதில்லை. பழகிய வழியில், வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால்தான் மனசு சாப்பாட்டுக்குப் போய்விடும். தாகமும் வெயிலும் மந்தமாக்கும். கோபம் அதைவிட மோசம். ஒருவர் கட் அடித்துவிட்டுப் போனால் அடுத்த அரைக் கிலோமீட்டர் உங்கள் கண் அவர் முதுகிலேயே இருக்கும், பக்கத்துச் சந்திலிருந்து வருகிறவரைப் பார்க்காது. துரத்திப் போய்த் திட்டினால் அவர் திருந்தப்போவதும் இல்லை. பைக்குள் போன் அதிர்ந்தால் அதிரட்டும். எடுத்துப் பார்க்க வேண்டும் என்றால் ஓரமாக நின்று பாருங்கள்: இரண்டு வினாடி திரையைப் பார்ப்பது, பத்து மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம்.

நாளைக்கே திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஒரு ஞாயிறு காலை முழு வழியையும் போய் வாருங்கள். எங்கே குழி, எங்கே வேகத்தடை, எங்கே கடக்க வசதி என்று பார்த்து வையுங்கள். அடுத்து ஒரு வேலை நாளில், கூட்டம் சேருவதற்கு முன்னால் ஏழு மணிக்கு. திரும்பும்போது பயமாக இருந்தால் சைக்கிளை ஆபீஸிலேயே பூட்டிவிட்டு பஸ் பிடித்து வாருங்கள், சைக்கிள் எங்கும் போகாது. கூட்டம் இல்லாத ரோட்டில் ஒரு எச்சரிக்கை: காலி ரோட்டில் கார்களின் வேகம் கூடும், அதனால் அங்கே பின்பார்வை அடிக்கடி வேண்டும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் விழுகிற நாள் வரலாம். விழுந்தால் உடனே துள்ளி எழ வேண்டாம். கழுத்து, கை, கால் அசைகிறதா என்று பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் சைக்கிளை ஒதுக்கச் சொல்லி, மெல்ல எழுங்கள். மோதிய வண்டியின் நம்பரை யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். தலையில் அடி பட்டிருந்தால் அப்போது ஒன்றும் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகிற தலைவலி, வழக்கத்துக்கு மாறான தூக்கம் இவை பல மணி நேரம் கழித்தும் வரலாம். 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, விபத்து நடந்த முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இலவசம். உங்களைத் தூக்கி உதவுகிறவர் போலீஸ் கேஸ் என்று பயந்தால் அவரிடம் சொல்லுங்கள்: 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது, விருப்பமில்லாமல் பெயரைச் சொல்லக்கூட அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. மோதிய வண்டியின் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், சைக்கிளில் போகிறவருக்கும் பொருந்தும். அதற்கு எஃப்ஐஆர் வேண்டும், ‘சரி விடுங்க சார், நான் பாத்துக்கறேன்’ என்று அந்த டிரைவர் கையில் திணிக்கிற ஐந்நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். வண்டி நிற்காமல் ஓடிவிட்டாலும் எஃப்ஐஆர் போடுங்கள். அப்படிப்பட்ட வழக்குகளில் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய் இழப்பீடு சட்டத்திலேயே இருக்கிறது. இப்படி ஒன்று இருப்பது தெரியாமலேயே கேட்காமல் விட்டவர்கள் நிறைய.